குரு ஹோரையில் ஒரு மருத்துவ விண்ணப்பம்

மெல்பேர்னின் ரோவில் பகுதியில் வசிக்கும் கௌரிசங்கர் தன் வாழ்நாளில் எந்த இடத்துக்கும் பிந்திப் போனதில்லை. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவரால் பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மாலை ஆறு மணிக்குப் பிறந்தநாள் விழா என்று அழைப்பிதழில் போட்டால், மெல்பேர்ன் தமிழர்கள் ஏழரைக்கு முகம் கழுவத் தொடங்குவார்கள் என்பது சகலரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. கௌரிசங்கர் ஐந்தரைக்கே மண்டப வாசலில் நிற்பார். பிறந்தநாள் குழந்தையைக் குளிக்க வார்ப்பதற்கு முன்பே அதன் கையில் பரிசைக் கொடுத்த பெருமை அவருக்கு உண்டு. பலூன் ஊத ஆள் போதாமல் போனால், "வாசல்ல போய்ப் பாருங்கோ, கௌரி அண்ணை வந்து நிப்பார்" என்று சொல்வது ரோவில் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பல வருடங்களாக அவர் விருந்தினராகப் போன விழாக்களில் கதிரை மேசை அடுக்காத விழா ஒன்றுகூட இல்லை.

அவருடைய தொழிலும் அவருடைய குணத்துக்கு எண்ணெய் ஊற்றியது. விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளின் பெட்டி வாங்கும் கவுண்டரில் அவருக்கு வேலை. விமானம் புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது கவுண்டரை மூட வேண்டும் என்பது விதி. கௌரிசங்கர் மூடுவார். அழுதாலும் மூடுவார், ஆங்கிலத்தில் திட்டினாலும் மூடுவார். திருமணத்துக்குப் பறக்கவிருந்த ஒரு மணமகன், உதைபந்தாட்ட அணி ஒன்றின் பாதி, தன் சொந்த மைத்துனர் ஆகியோரின் முகத்துக்கு நேரே அவர் கவுண்டரை மூடியிருக்கிறார். மைத்துனர் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. ஆனால் மைத்துனர் எதையும் பிந்திச் செய்கிறவர் என்பதால், எப்போதாவது ஒருநாள் கதைப்பார் என்று கௌரிசங்கர் நம்பிக்கையோடு இருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி யோகா, நல்ல நேரம் பார்க்காமல் குசினியில் புது மிளகாய்த்தூள் பைக்கற்றைக்கூட வெட்டமாட்டார். ஒருவர் நேரத்துக்கு முன்பே போக வேண்டும் என்பவர். மற்றவர் நேரம் சரியில்லாவிட்டால் வாசற்படி தாண்டமாட்டேன் என்பவர். இருபது வருட இல்லறத்தில் இருவரும் ஒரு சமரசம் கண்டிருந்தார்கள். நல்ல நேரத்தில் வீட்டை விட்டு இறங்கிக் காரில் ஏறிவிடுவது, பிறகு போகும் இடத்துக்கு மிக முன்னதாகப் போய்ச் சேர்ந்து காருக்குள்ளேயே இருந்து வானொலி கேட்பது. மெல்பேர்னில் தமிழ் வானொலியின் மிக விசுவாசமான நேயர்கள் இந்தத் தம்பதியர்தான். வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் சமரசம் முதன்முதலாக ஆட்டம் கண்டது, மகள் தர்சினி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வருடத்தில்.

தர்சினிக்கு டொக்டராக வேண்டும். கெட்டிக்காரி, நுழைவுத் தேர்விலும் நல்ல புள்ளி. இந்த உண்மையை வீட்டில் மூவரும் அறிவார்கள், நான்காம் ஆளுக்குத் தெரியாது. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் செய்தி வெளியே போனால் கண்ணூறு பட்டுவிடும் என்பது யோகாவின் கட்டளை. கோயிலில் யாராவது, "மகள் என்ன செய்யப் போறா?" என்று கேட்டால், "ஏதோ சயன்ஸாம், எங்களுக்கு உதுகள் எங்க விளங்குது" என்று சொல்ல வேண்டும். கேட்டவர்களும், "எங்கட மகனும் ஏதோ சயன்ஸ்தான்" என்பார்கள். அந்த வருடம் மெல்பேர்ன் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏதோ சயன்ஸ் செய்யவிருந்தார்கள். மருத்துவம் என்ற துறையின் பெயரையே எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

தர்சினி குறிவைத்த மருத்துவபீடத்துக்கு ஒரு விசேஷ நடைமுறை இருந்தது. விண்ணப்பங்கள் வந்து சேரும் வரிசையிலேயே நேர்முகத்துக்கு அழைப்பார்கள். முன்னே வந்தவர்கள் முதற்சுற்று, பின்னே வந்தவர்கள் இரண்டாம் சுற்று. முதற்சுற்று முடிந்ததும் தேறியவர்களுக்கு உடனேயே இடம் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சிய இடங்களுக்குத்தான் இரண்டாம் சுற்று. ஒரே கெட்டித்தனம் உள்ள இரண்டு பிள்ளைகளில் முந்தி விண்ணப்பித்த பிள்ளைக்கு நிறைய இடமும், பிந்திய பிள்ளைக்குக் கொஞ்ச இடமும் காத்திருக்கும்.

இந்த விதியை வாசித்தபோது கௌரிசங்கருக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகம் கடைசியில் தன் வழிக்கு வந்துவிட்டதாக அவர் உணர்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணிக்குக் கம்பஸில விண்ணப்பம் திறக்கிறாங்கள். திறந்த கையோட அனுப்பிப் போடவேணும்," என்று குசினி வாசலில் நின்று அறிவித்தார்.

யோகா கரண்டியைக் கீழே வைத்தார். "செவ்வாய்க்கிழமையோ? உங்களுக்கென்ன விசரே? அண்டைக்கு அட்டமி. பிள்ளைக்குச் சந்திராட்டமம் வேற."

"கம்பஸுக்கு அட்டமி தெரியுமே?"

"கம்பஸுக்குத் தெரியாது. அட்டமிக்குக் கம்பஸைத் தெரியும்."

"யோகா, இஞ்ச பாரும். இது வரிசை. முதல் வாறவைக்கு முதல் இடம். எங்கட கவுண்டர் மாதிரி."

"கவுண்டர்க் கதையைக் கவுண்டரில வச்சுக் கதையுங்கோ."

மேசையில் இருந்த தர்சினி நிமிர்ந்தாள். "அம்மா, அப்பா, இட்ஸ் மை அப்ளிகேசன்."

"ஓம் குஞ்சு, உன்ரதான். ஆர் இல்லையெண்டது? நீ போய்ப் படி," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வழக்கு கோபாலகிருஷ்ணனிடம் போயிற்று. அவர் வார நாட்களில் வரிக் கணக்காளர், சனி ஞாயிறுகளில் சாத்திரம் பார்ப்பவர். வருமானத்தையும் வருங்காலத்தையும் ஒரே மேசையில் ஒரே கல்குலேட்டரால் கணக்கிட்டுத் தருவதால், இரண்டுமே ஓரளவு நம்பகமாக இருக்கும் என்று பெயர். அவர் பஞ்சாங்கத்தை மெல்பேர்னின் சூரிய உதயத்துக்குத் திருத்தி, அதன் மேல் கோடைகால நேரமாற்றத்தையும் போட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"செவ்வாய் வேண்டாம். புதன் நவமி, நினைக்கவும் வேண்டாம். வியாழன் குருவின்ர நாள். சூரியன் உதிச்ச கையோட குரு ஹோரை. படிப்புக்கு இதைவிட நேரம் கிடையாது. அதுக்குள்ள பட்டனை அமத்திப் போடுங்கோ," என்றவர், குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இதை வேற ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. இது உங்களுக்கு மட்டும்."

கௌரிசங்கருக்கு இரண்டு நாள் பிந்துவது நெஞ்சில் பெட்டி ஏற்றியது போல இருந்தது. ஆனால் விடியற்காலை என்ற சொல்லில் ஒரு சிறிய ஆறுதல் கிடைத்தது.

வியாழன் விடிந்தது. மடிக்கணினி கிழக்கு நோக்கி வைக்கப்பட்டு, அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் இடப்பட்டது. பக்கத்தில் விளக்கு. விளக்குச் சூடு கணினியைப் பழுதாக்கும் என்று தர்சினி சொன்னது பதிவுசெய்யப்படவில்லை. மூவரும் கும்பிட்டார்கள். தர்சினி பட்டனை அமத்தினாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டேயிருந்தது.

"என்ன பிள்ளை, போகுதில்லையோ?"

"சைட் ஸ்லோவா இருக்கப்பா. நிறைய ஆக்கள் ஒரேயடியா அனுப்பினா இப்பிடித்தான்."

"இந்த நேரத்தில எந்த விசரன் எழும்பியிருக்கிறான்?" என்று கௌரிசங்கர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அவருக்கு ஜனவரியில் கிடைக்கவிருந்தது. அப்போதைக்கு, குரு ஹோரை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதே வட்டம் நின்று, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. யோகா எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். கணினிக்கும் காட்டினார்.

சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. நேர்முகத்துக்கு அழைப்பு. இரண்டாம் சுற்றில்.

 'செவ்வாய்க்கிழமை அனுப்பியிருந்தால்' என்று தொடங்கும் வசனம் கௌரிசங்கரின் வாயிலிருந்து வரவேயில்லை. ஆனால் அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த விதத்திலும், ஒன்றும் எடுக்காமல் மூடிய விதத்திலும் அந்த வசனம் முற்றுப்புள்ளியோடு கேட்டது.

"கதவை உடைச்சுப் போடாதேங்கோ," என்றார் யோகா. அவர் குரலும் வழக்கமான உறுதியோடு இல்லை.

நேர்முகத்தன்று வெயில் தீயாக எறித்தது. கௌரிசங்கர் வழக்கப்படி மிக முந்தியே போய், பல்கலைக்கழக வாகனத் தரிப்பிடத்தில் இருந்த ஒரேயொரு மர நிழலைக் கைப்பற்றினார். தன் முறைக்கு இன்னும் நெடுநேரம் இருந்தாலும் தர்சினி உள்ளே போனாள். பெற்றோர் வானொலியைப் போட்டார்கள்.

அரை மணி கழித்துப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து, நகரின் மறுபக்கத்துப் பொயிண்ட் குக்கில் வசிக்கும் வெங்கட்ராமன் இறங்கினார். வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் கௌரிசங்கரோடு கதிரை அடுக்கிய பழக்கம். பின்னாலேயே பட்டுச்சேலையில் அவர் மனைவி. அதற்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு மகள் பார்கவி. பார்கவி யாரையும் பார்க்காமல் கட்டடத்துக்குள் ஓடிவிட்டாள்.

இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை.

"அடடே, கௌரி சார்! என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா... இந்த மரத்தைப் பாக்க வந்தனாங்கள்," என்றார் கௌரிசங்கர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "நீங்கள்?"

"நாங்க சும்மா லைப்ரரி பாக்கலாம்னு வந்தோம்."

"பட்டுச்சேலையோடயோ?"

"பெரிய லைப்ரரி சார்."

இதற்குள் மூன்றாவது கார் வந்தது. நான்காவது வந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஏதோ சயன்ஸ் படிக்கவிருந்த ஒரு பிள்ளையும், அதன் பெற்றோரும், ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் இறங்கின. சற்று நேரத்தில் அந்த ஒற்றை மரத்தடியில் அரைவாசித் தமிழ்ப் பள்ளிக்கூடமே நின்றது. வாசலில் நின்ற வெள்ளைக் காவலாளி, ஏதாவது திருவிழாவா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

முதலில் உடைந்தவர் யோகா. "உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் எல்லாரும் எப்ப அனுப்பினனீங்கள்?"

 வெங்கட்ராமனின் மனைவி மெல்லச் சொன்னார். "வியாழக்கிழமை. விடிகாலைல. குரு ஹோரைன்னு..."

"எங்களுக்கும்," என்றது ஒரு குரல். "எங்களுக்கும்," என்றது இன்னொன்று.

அந்த வட்டம் ஏன் அத்தனை நேரம் சுற்றியது என்று கௌரிசங்கருக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. மெல்பேர்னின் எல்லாத் திசையிலும் கிழக்கு நோக்கிய கணினிகள், அத்தனை நெற்றியிலும் குங்குமம், ஒரே விடியலில் ஒரே பட்டன். வந்து சேர்ந்த வரிசையில் நேர்முகம் வைத்தால் இவர்கள் ஒரே நாளில் வராமல் வேறு என்ன செய்வார்கள்?

யோகா கைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, கோபாலகிருஷ்ணனை அழைத்தார்.

"அண்ணை, எங்களுக்கு மட்டும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம் தங்கச்சி. உங்களுக்கு மட்டும்தான்."

"இஞ்ச எல்லாரும் நிக்கினம் அண்ணை."

சிறிது நேரம் கல்குலேட்டர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "மற்ற ஆக்களுக்கும் அவையளுக்கு மட்டும் எண்டுதான் சொன்னனான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு எல்லாரிட்டயும் சொன்னனான். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அவையளும் சொல்லேல்லை. இதில ஆரின்ர பிழை? வானத்தில இருக்கிறது ஒரு குரு. ஆளுக்கொரு குருவுக்கு நான் எங்க போறது?"

 வெங்கட்ராமன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்தன. பொயிண்ட் குக் இட்லியும் ரோவில் இடியப்பமும் ஒரு காரின் மூக்கில் பக்கத்தில் பக்கத்தில் பரிமாறப்பட்டன. மாதக்கணக்கில் ஒருவரையொருவர் ஏமாற்றி ஓய்ந்தவர்கள் சாப்பிடுகிற சாப்பாடு எவ்வளவு ருசியானது என்பதை அன்று அங்கிருந்தவர்கள் அறிவார்கள்.

தர்சினி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன கேட்டவை? கெதியாச் சொல்லு," என்றார் யோகா, வாயில் இடியப்பத்தோடு.

"ஒரு ரூம்ல வயசான ஒரு லேடி டொக்டர் இருந்தவ. உன்ர ஃபமிலியோட ஒத்துப்போகாத ஒரு சிட்டுவேசனைச் சொல்லு எண்டா. நான் அந்த வியாழக்கிழமைக் கதையைத்தான் சொன்னனான்."

"ஐயோ! எங்கட மானத்தை வாங்கிப்போட்டியே!"

"முழுக்கக் கேளுங்கோம்மா. நான் பாதி சொல்லேக்கையே அவ கேட்டா, அந்த லப்டொப் ஈஸ்ட்டைப் பாத்து வச்சிருந்ததோ எண்டு. உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டன். இண்டைக்கு நீ ஆறாவது ஆள் எண்டா!"

மரத்தடி அதிர்ந்தது.

"பிறகு?" என்றார் கௌரிசங்கர்.

"பிறகு, அந்த நேரம் பாக்கிறது வேலை செய்யுமா எண்டு கேட்டா. அதை நீங்கள்தான் சொல்லவேணும் எண்டன். அவ கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சா."

அந்தப் பெண் டொக்டர் பதில் சொல்லப் பத்து நாள் எடுத்தார். பதில் அரைகுறையாக இருந்தது. தர்சினி தேறிவிட்டாள், ஆனால் இடம் முடிந்துவிட்டது. முதற்சுற்றுக்காரர்கள் பெரும்பகுதியை எடுத்திருந்தார்கள். இரண்டாம் சுற்றின் கடைசி இடம் பார்கவிக்குப் போயிருந்தது. தர்சினி காத்திருப்போர் வரிசையில் முதலாவது ஆள். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த இடம் அவளுக்கு. ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரிசை மூடப்படும்.

தர்சினி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.  யோகா சாமியறைக்கு முன்னால் போய் நின்றார். ஆனால் அன்று என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றார். "என்னாலதானப்பா," என்று பின்னால் நின்ற கணவரிடம் சொன்னார்.

கௌரிசங்கருக்குக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் போகவே மனம் வரவில்லை. "இல்லையப்பா," என்றார். "கவுண்டர் இன்னும் மூடேல்லை."

மறுநாள் அவருக்கு ஒரு தகவல் எட்டியது. பார்கவிக்குச் சிட்னியிலும் மருத்துவ இடம் கிடைத்திருக்கிறது. அதுவரை சிட்னியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லியறியாத மெல்பேர்ன்வாசி, ஒரு பெட்டி குயின்ஸ்லாந்து மாம்பழத்தோடு பொயிண்ட் குக்கில் போய் இறங்கினார்.

"சிட்னி எண்டா சிட்னிதான்," என்று தொடங்கினார். "கடலென்ன, பாலமென்ன, காத்தென்ன! மேய்ஸ் ஹில்லில முருகன் கோயில். பிள்ளை வெள்ளிக்கிழமையில போய்க் கும்பிடலாம். இஞ்ச என்ன இருக்கு? ஒரே நாளில நாலு காலநிலை. இருமல்தான் வரும்."

வெங்கட்ராமன் மாம்பழத்தை அறுத்துத் தட்டில் வைத்தார். "சார், நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மாம்பழம் பிரமாதம்."

"தெரிஞ்சிட்டுதெல்லோ. அப்ப நான் பாலத்தைப் பற்றி இன்னும் கதைக்கத் தேவையில்லை," என்று கௌரிசங்கர் பெருமூச்சு விட்டார்.

மாடியிலிருந்து பார்கவி எட்டிப் பார்த்தாள். "அங்கிள், ஐ'ம் கோயிங் டு சிட்னி! எப்பவோ முடிவு பண்ணியாச்சு. இந்த வீட்டுல என் ஃபோனை மூணு பேர் செக் பண்றாங்க."

ஆனால் வெங்கட்ராமன் கணினிக்காரர், மாற்றுப் பிரதி இல்லாமல் எதையும் அழிக்கமாட்டார். சிட்னியில் நேரில் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெல்பேர்ன் இடத்தைக் கைவிடுவது என்று சொல்லிவிட்டார். அது நியாயம்தான். சிட்னியில் நேரில் சேரக் கடைசி நாள், வரிசை மூடப்படும் அதே வெள்ளிக்கிழமை. அன்று காலை எட்டரை மணி விமானத்துக்குப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று.

"எத்தனை மணிக்கு வீட்டிலயிருந்து வெளிக்கிடுறியள்?" என்று கேட்டார் கௌரிசங்கர், தொழில்முறை அக்கறையோடு.

"கோபாலகிருஷ்ணன் சார் ஏழேகாலுக்குக் கிளம்பச் சொல்லியிருக்கார். நல்ல நேரம்."

கௌரிசங்கருக்குக் கண் இருட்டியது. வெள்ளிக்கிழமை காலை, பொயிண்ட் குக்கிலிருந்து விமான நிலையத்துக்கு, ஏழேகாலுக்கு! ரிங் ரோட்டில் வாகனங்கள் நகராமல் நிற்கும். விமானம் போய்விடும். விமானம் போனால் சிட்னி போகும், சிட்னி போனால் பார்கவி மெல்பேர்னிலேயே இருப்பாள், தர்சினியின் கதவு சாத்தியபடியே இருக்கும். இதில் மிகப் பெரிய கொடுமை, அந்தக் கவுண்டரை மூட வேண்டியவர் அவரேதான்.

அவர் காருக்குள் இருந்தபடியே கோபாலகிருஷ்ணனை அழைத்தார்.

"அண்ணை, ஐஞ்சு மணி மட்டில ஏதாவது நல்ல நேரம் இருக்குதோ?"

"பின்னேரமோ?"

"விடிய."

"விடிய ஐஞ்சுக்கோ? சூரியனே எழும்பியிராது. அது ஹோரைக் கணக்கில வராது. அது பிரம்ம முகூர்த்தமெல்லோ."

"அது நல்லதோ, கூடாதோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. பிரம்ம முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கமே பாக்கத் தேவையில்லை. அட்டமி, நவமி ஒண்டும் கிட்ட வராது. படிப்புக்கு அதுக்கு மிஞ்சி ஒரு நேரமே இல்லை."

 இத்தனை வருடங்களாகத் தான் அதிகாலையில் போய்க் காத்து நின்ற இடங்களெல்லாம் கௌரிசங்கரின் கண்முன் வந்து போயின. சாத்திரமே தன் பக்கம் இருந்திருக்கிறது!

"இதை ஏன் அண்ணை இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் அந்த நேரத்தைக் கேக்கேல்லையே. எங்கட சனம் ஆர் தம்பி ஐஞ்சு மணிக்கு எழும்புறது?"

"அப்ப இதைப் பொயிண்ட் குக்குக்கும் சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன். அவைக்கு மட்டும்தான் எண்டு சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை, விமான நிலையத்தின் விளக்குகள் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது, வெங்கட்ராமன் குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றது. அவர்களுடைய விமானத்துக்குப் பெட்டி வாங்கும் நேரமே இன்னும் தொடங்கவில்லை. கௌரிசங்கர் அவர்களைக் கதிரையில் உட்கார வைத்து, கோப்பி வாங்கிக் கொடுத்தார். தன் வேலை வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கு ஈடான பயணிகளைக் கண்ட பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது. நேரம் வந்ததும் பார்கவியின் பெட்டியில் தானே சீட்டை ஒட்டி, அது நகரும் பட்டியில் ஏறிச் சுவருக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"போட்டு வா பிள்ளை. நல்லாப் படி. கையெழுத்துப் போட்ட உடன..."

"ஐ நோ, அங்கிள்," என்று பார்கவி அவரைக் கட்டிப்பிடித்தாள்.

பதினொன்றரைக்குச் சிட்னியிலிருந்து வெங்கட்ராமனின் செய்தி வந்தது. பார்கவி சேர்ந்துவிட்டாள். கௌரிசங்கர் கவுண்டருக்குப் பின்னால் ஒரு சிறு துள்ளல் துள்ளினார். உடனே இரண்டாவது செய்தி வந்தது: 'இப்ப ராகு காலம். முடிஞ்சதும் மெல்பேர்ன் இடத்தை விட்டுடறோம்.'

வேண்டாம் என்று சொல்வதற்குமா நல்ல நேரம்! சிட்னிச் சூரியனுக்கு ராகு காலம் எப்போது முடியும் என்று அங்கே ஒரு குடும்பம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, மெல்பேர்னில் ஒருவர் பயணிகளின் பெட்டிகளை நிறுத்தபடியே தானும் நிறுக்கப்பட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது என்பது உண்மை. ஆனால் இந்த மனிதருக்கு நிறைய நேரம் என்ற ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை.

ஹோபார்ட் விமானத்தின் கவுண்டரை மூட வேண்டிய நிமிடத்தில் அவருடைய கைபேசி அதிர்ந்தது. தர்சினி.

"அப்பா! வந்திட்டுது! ஓஃபர் வந்திட்டுது! பார்கவி டிக்லைன் பண்ணிட்டாள்!"

"எத்தனை மணிக்கு?"

"அப்பா, சீரியஸ்லி? அதுவா இப்ப முக்கியம்?" தர்சினி அழுதுகொண்டே சிரித்தாள். "இப்பத்தான். அவளின்ர அப்பா ராகு காலம் பாத்துக்கொண்டு நிக்கேக்க, இவள் பாத்ரூமுக்குப் போறன் எண்டு போய் ஃபோன்ல அமத்திட்டாள். ஆனா அம்மாட்டச் சொல்லாதேங்கோ!"

யோகா சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலையில் இருந்தார். அவருக்கு ராகு காலம் நன்றாக முடிந்த பிறகே செய்தி அறிவிக்கப்பட்டது. "பாத்தீங்களே, நேரம் பாத்துச் செய்தா எல்லாம் சரிவரும்," என்று அவர் பூரித்துப்போனார். உண்மையை இந்தக் கட்டுரையை வாசித்துத்தான் அறிந்துகொள்வார். தயவுசெய்து கோயிலில் கண்டால் யாரும் முந்திச் சொல்லிவிட வேண்டாம்.

ஆனால் அது பிற்பகலில். அந்த நிமிடத்தில் கௌரிசங்கர் கைபேசியைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றார். தலைக்கு மேலிருந்த மணிக்கூடு கவுண்டர் மூடும் நேரத்தைத் தாண்டியது. அவர் பார்க்கவில்லை. மேலும் தாண்டியது. பக்கத்துக் கவுண்டர்ப் பெண், ஏதோ உடல்நலக் குறைவு போலும் என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

தூரத்தில், ஒரு பெரிய கொல்ஃப் பையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வயதான கணவனும் மனைவியும் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். முகத்தில் ஏற்கனவே மன்னிப்பு எழுதியிருந்தது. கௌரிசங்கர் கையை உயர்த்தினார்.

"ஓடாதீங்க, சேர்," என்றார் ஆங்கிலத்தில். "மெதுவா வாங்க. நிறைய நேரம் இருக்கு."

அன்று ஹோபார்ட் விமானம் சற்றுத் தாமதமாகப் புறப்பட்டது. இயக்கக் காரணங்களால் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இயக்கக் காரணம், கவுண்டருக்குப் பின்னால் நின்று, பெட்டியில் ஒட்டும் சீட்டு ஒன்றினால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அது ஒட்டும் பக்கம் என்பதையும் கவனிக்கவில்லை.